வாணலியில் வெந்த வாத்து: சீன இல்லச் சமையலின் ஒரு பழந்தடம்

சீனநாட்டு வாத்துணவு என்றவுடன் பெய்ஜிங் நகரத்துச் சுட்ட வாத்தே பலர் நினைவிற்கும் வரும். 1864ஆம் ஆண்டு அந்நகரில் தொடங்கப்பெற்ற சுவான்ஜூதே உணவகம், பழமர விறகு எரியும் அடுப்பினுள் வாத்தைத் தொங்கவிட்டுச் சுடும் முறையால் புகழ்பெற்றது. ஆயின் அஃது உணவகக் கலை. பொதுவாக இல்லங்களில் இருந்தவை வாணலியும் மூடியும் அளவான விறகுமே. அவற்றைக் கொண்டு வாத்தை ஆவியில் வேகவைத்த மரபு பழமையானது. எண்ணெய் ஒரு துளியும் வேண்டாதது.

இம்மரபை அறியத் துணைபுரிபவர் யுவான் மேய் (1716–1797). நாஞ்சிங் நகரில் தோட்டமொன்றை அமைத்து வாழ்ந்த இக்கவிஞர், 1792இல் ‘சூயுவான் ஷிதான்’ என்னும் சமையல் நூலை வெளியிட்டார். ஒரு வீட்டில் உண்டது சுவைத்துவிட்டால், தம் சமையற்காரரை அவ்வீட்டு அடுப்படிக்கே அனுப்பி, மாணவராய் நின்று கற்றுவரச் செய்வாராம். நாற்பதாண்டுகள் இவ்வாறு திரட்டியதன் பயனே அந்நூல்.

அதில் ஒரு குறிப்பு, யுவான் பேரரசுக் காலத்து ஓவியர் நீ ட்சான் (1301–1374) எழுதிவைத்த வாத்தினப் பறவைச் சமையலைப் பற்றியது. பெருவாத்தின் வயிற்றினுள் ஏறத்தாழ 11 கிராம் உப்பைத் தேய்த்து, வெங்காயத்தாளைத் திணித்து, புறத்தே தேனும் மதுவும் கலந்து பூசவேண்டும். வாணலியில் ஒரு கிண்ணம் மது, ஒரு கிண்ணம் நீர். பறவை நீரில் படாதவாறு மூங்கிற் குச்சிகளைப் பரப்பி அவற்றின்மேல் கிடத்தவேண்டும். மூடியின் விளிம்பைத் தாளால் ஒட்டி அடைத்து, தாள் காய்ந்து வெடித்தால் நீர் தெளிக்கவேண்டும். ஏறக்குறைய 900 கிராம் எடையுள்ள புற்கட்டுகள் இரண்டு தாமாக எரிந்து அடங்கும்வரை தீயைக் கிளறலாகாது. மூடி ஆறியபின் பறவையைத் திருப்பிப்போட்டு, மீண்டும் ஒரு கட்டு. வாத்தையும் இவ்வாறே சமைக்கலாம், சுவை குன்றாது என்பது யுவான் மேயின் கூற்று.

மற்றொரு முறை ஹாங்சௌ நகரத்து வணிகர் ஹோ சிங்ஜூவின் இல்லத்தது. கொழுத்த வாத்தை எட்டுத் துண்டுகளாக்கி, இனிய மதுவும் சோயாச் சாறும் மூழ்க ஊற்றி, பீங்கான் சாடியில் அடைத்து, நீரில்லாத வாணலியில் வைத்து, மெல்லிய கரித்தணலில் வேகவிடுவர். இரண்டு ஊதுவத்திகள் எரிந்து தீரும் பொழுதே கணக்கு. கடிகாரமில்லா அடுப்படிக்கு நறுமணமே நாழிகை சொல்லியது போலும்!

இவற்றைக்கொண்டு யுவான் மேயை இன்றைய கொழுப்புக்குறைப்பு உணவின் முன்னோடி எனச் சிலர் கருதக்கூடும். அது பிழை. பரிமாறும் வேளையில் பன்றிக்கொழுப்பை உருக்கி எல்லாவற்றின்மேலும் ஊற்றும் சமையற்காரர்களை அவர் கடுமையாகக் கண்டித்தது உண்மை. சுவை செறிவாக இருக்கலாம், நெய்ப்பசை கூடாது என்றதும் உண்மை. எனினும் வாத்தின் கொழுப்பு இறைச்சிக்குள்ளேயே நிற்கவேண்டும், சாற்றில் இறங்கிவிடலாகாது என்பதே அவர் கொள்கை. தீ மிகுந்து நீர் வற்றி மீண்டும் மீண்டும் நீர் சேர்ப்பது, அணைந்த தீயை மறுபடி மூட்டுவது, மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பது ஆகிய மூன்றுமே கொழுப்பு வெளியேறக் காரணங்கள் என எச்சரித்தார். சாற்றை ஆறவைத்து, மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுக்கும் இன்றைய இல்லத்தரசி அவருடைய அடுப்பைப் பின்பற்றுகிறாள், கொள்கையைப் பின்பற்றவில்லை. அவருக்கு மென்மை என்பது நாவின் கணக்கு; இவளுக்கோ உடலின் கணக்கு. இரண்டிற்கும் ஒரே வாணலி இடங்கொடுப்பதுதான் வியப்பு.

தம் சமையற்காரர் வாங் சியாவ்யூவிற்கு வாழ்க்கை வரலாறு எழுதியவர் யுவான் மேய். அவர் மறைந்தபின் உண்ண அமரும்போதெல்லாம் கண்ணீர் உகுத்ததாகவும் அதில் குறிப்பிடுகிறார். பெண்கள் பலரை மாணவியராக ஏற்றுக் கவிதை பயிற்றுவித்தவரும் அவரே. இருந்தும், ஹாங்சௌ வாத்தைப் பற்றிய குறிப்பில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே நிற்கிறது. வத்தி எரிந்து தீரும்வரை அந்தக் கரித்தணலருகே அமர்ந்திருந்தவர் யாரென அந்நூல் சொல்லவில்லை.