கோடும் புள்ளியும்

கோல சிலாங்கூரின் மெலாவத்திக் குன்றின்மேல் 1907ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் மலாக்கா நீரிணையின் மாலுமிகளுக்குக் கரையை ஒளியால் உணர்த்தியது. நடுக்கடலின்மேல் பறக்கும் விமானிக்கு அத்தகைய விளக்கம் ஏதுமில்லை. அவருக்குத் துணை இரண்டு எண்களே. வடக்கு 3 பாகை 20 கலை, கிழக்கு 101 பாகை 15 கலை என்றால், அது ஏறக்குறையக் கோல சிலாங்கூர். முன்னது அட்சரேகை, பின்னது தீர்க்கரேகை. மனித குலம் இவ்விரண்டையும் ஒரே காலத்தில் கைவரப் பெறவில்லை.

அட்சரேகை வானம் வழங்கிய கொடை. வடமீன் அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயர்ந்து தோன்றுகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்விடத்தின் வடக்கு அட்சரேகை. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் சிறு பலகையில் கயிற்றைக் கட்டி, துறைமுகங்களுக்குரிய முடிச்சுகளை இட்டு, அவ்வுயரத்தை அளந்தனர். ஆயினும் தாம் எந்தக் கோட்டில் உள்ளோம் என்பதை மட்டுமே அக்கயிறு கூறிற்று; அக்கோட்டில் எவ்விடத்தில் என்பதைக் கூறவில்லை.

தீர்க்கரேகையோ காலத்தின் கணக்கு. புவி 24 மணியில் 360 பாகை சுழல்வதால் ஒரு பாகைக்கு 4 நிமிடம் ஆகிறது. இரண்டிடங்களின் நேர வேறுபாட்டை அறிந்தால் தீர்க்கரேகை வேறுபாடும் தெரியும். ஜான் ஹாரிசனின் கடிகாரம் 1761இல் கடலில் சோதிக்கப்பட்ட பின்னரே மாலுமிகளுக்கு இது எளிதாயிற்று. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது. 1802இல் லாம்டன் தொடங்கிய இந்தியப் பெருநில அளவைக்கு அதன் தீர்க்கரேகையே அடிப்படையாயிற்று. 1884இல் வாசிங்டன் மாநாடு கிரீனிச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றது.

விமானம் பிறந்ததும் கணிப்பதற்குரிய அவகாசம் சுருங்கியது. மணிக்கு 900 கிலோமீட்டர் விரையும் விமானம் ஒரு நிமிடத்தில் 15 கிலோமீட்டரைக் கடக்கும். நெடுந்தொலைவு விமானங்களில் வழிகணிப்பாளர் கூரையின் கண்ணாடி வழியே விண்மீனின் உயரத்தை அளந்தார். ஒரு விண்மீன் அவருக்கு ஒரு கோட்டையே தந்தது. இரு கோடுகள் வெட்டும் புள்ளியே விமானத்தின் இடம். அவரது கடிகாரம் 4 விநாடி பிழைத்தால், நிலநடுக்கோட்டருகே ஒரு கடல்மைல் பிழைக்கும். செயற்கைக்கோள்கள் வந்த பின்னும் நெறி மாறவில்லை. பல கோள்களின் தொலைவுகளைக் கால அளவால் அறிந்தே இடம் கணிக்கப்படுகிறது.

இந்நெறியின் கடுமையை நம் நாடு துயரத்தோடு அறிந்தது. 2014 மார்ச்சு 8ஆம் நாள் அதிகாலை, எம்.எச். 370 விமானம் 239 பேருடன் சிப்பாங்கிலிருந்து புறப்பட்டு மறைந்தது. காலை 8.19 மணி வரை ஒரேயொரு செயற்கைக்கோள் அதன் குறிப்பொலிகளைப் பெற்றது. அவற்றின் காலத்தாழ்வு, கோளிலிருந்து விமானம் இருந்த தொலைவை மட்டுமே காட்டிற்று. அதனால் உலகப்படத்தில் ஒரு வளைகோட்டை வரைய முடிந்தது. ஒரு புள்ளியைக் குறிக்க இயலவில்லை. 2017 சனவரி வரை 1,20,000 சதுர கிலோமீட்டர் கடற்படுகையைத் துருவியும் விமானம் கிட்டவில்லை. கோட்டிற்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி எத்துணைப் பெரிது!

ஆகவே, இப்பாடத்தை மனப்பாடத்தோடு நிறுத்துதல் தகாது. 1982 சனவரி முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் கிரீனிச்சைவிட 8 மணி முந்தியுள்ளன. கோல சிலாங்கூரின் ஞாயிறோ 6 மணி 45 நிமிடமே முந்தியுள்ளது. எனவே பள்ளித் திடலில் நட்ட கோலின் நிழல் மிகக் குறுகுவது நண்பகல் 12 மணிக்கன்று. பருவத்திற்கேற்பச் சிறிது முன்பின்னாக, 1.15 மணியளவில். மாணவர் அதனைத் தாமே அளந்து காணட்டும். தீர்க்கரேகை என்பது காலமே என்று அந்நிழல் அவர்களுக்குக் கற்பிக்கும்.