குரலைக் கேட்ட வாயில்: பாலர் நாடக சபைகளில் முதல் தேர்வு

நாடகப் பள்ளி என்னும் சொல் வழக்கிற்கு வருமுன்னரே தமிழகத்தில் நாடகப் பள்ளிகள் இருந்தன. பாலர் நாடக சபை என்றும் பாய்ஸ் கம்பெனி என்றும் அவற்றை மக்கள் அழைத்தனர். சிறுவர்கள் அங்கேயே உண்டு, உறங்கி, பாட்டும் வசனமும் பயின்று மேடையேறினர். அவர்களுக்குக் கற்பித்தவர் வாத்தியார். நாடகமும் பாடலும் இயற்றுவோரே பல சபைகளில் வாத்தியாராக விளங்கினர். ஆகவே, வாயிலில் நின்ற சிறுவனை அளந்து பார்த்தவர் பல வேளைகளில் ஒரு கவிஞரே எனலாம். கவிதை வளர்க்கும் நம் வட்டத்தினர் இதனை நினைவிற்கொள்வது தகும்.

அத்தகைய கவிஞருள் தலையாயவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வளர்ந்த நடிகர்கள் எழுதிய பாடத்தை விடுத்து மேடையில் மனம்போனபடி வாதிடுவதைக் கண்டு சலித்த அவர், கட்டுப்பாட்டுடன் பயிலும் சிறுவர்களை நாடினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். பெண் வேடத்தில் பெயர்பெற்ற கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்கள் அதில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான தி.க.சண்முகத்திற்கு அப்போது வயது 6. அச்சிறுவனின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அவன் நடிப்பதற்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. தேர்ந்தெடுக்கப்பட்டவன் மாணவன், ஆனால் அத்தேர்வு ஆசிரியரையும் எழுதவைத்தது.

அந்நாளைய தேர்வில் முதலிடம் பெற்றது குரல். பாடத் தெரியாதவனுக்கு மேடையில் இடம் கிடைப்பது அரிது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்போர் செவியையும் பாட்டு எட்ட வேண்டும். பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கியமையால் இளங்குரலுக்கு மதிப்பு மிகுதி. ஆனால், வாயிலைத் திறந்த அக்குரலே ஒருநாள் வாயிலை அடைக்கவும் செய்தது. வளரிளம் பருவத்தில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், நேற்றுவரை நாயகனாக நின்றவன் சிறு வேடத்திற்குத் தள்ளப்படுவான். சிலர் மேடையையே இழந்தனர்.

குரலுக்கு மேலும் ஒன்றை அந்த வாயில் கேட்டது. அதனைச் சிவாஜி கணேசன் வரலாறு காட்டும். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வாழ்ந்த சிறுவன் கணேசன், கட்டபொம்மன் நாடகத்தைக் கண்டு நடிப்பின்மேல் வேட்கை கொண்டான். ஏழு வயதளவில், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவை நாடிச் சென்றான். தான் பெற்றோர் இல்லாத அநாதை என்று அங்கே கூறினான். பாடச் சொன்னார்கள், பாடினான், சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்குக் கிடைத்த முதல் வேடம் சீதை. எனினும் அதற்கு முன்பே, பெற்ற தாய் உயிரோடிருக்க அநாதையாகத் தோன்றிய அந்நேரமே அவரது முதல் நடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குரிய விலையையும் அவர் கொடுத்தார். வீட்டைக் காணாமல் குழுவோடு ஊர் ஊராக ஆண்டுகள் கழிந்தன. நாம் கைதட்டிப் போற்றிய கலைக்குப் பின்னே இத்தகைய பல பிள்ளைகளின் இழந்த வீடுகள் உள்ளன. இதனை மறைத்து எழுதும் நாடக வரலாறு நிறைவுடையதாகாது.

அக்கணேசன் கட்டபொம்மனாகத் திரையில் தோன்றிய 1959ஆம் ஆண்டிலேயே, புது தில்லியில் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தேசிய நாடகப் பள்ளி நிறுவப்பட்டது. அங்கே தேர்வு வேறு முறையில் அமைந்தது. பட்டம் பெற்ற, நாடக அனுபவம் உடைய இளைஞர் விண்ணப்பிக்கின்றனர். முதனிலைத் தேர்வைக் கடந்தோர் பல நாள் பயிலரங்கில் ஆராயப்படுகின்றனர். குரல் ஒன்றே அங்கு அளவுகோலன்று; உடலும் கற்பனையும் பிறரோடு இணைந்து இயங்கும் திறனும் நோக்கப்படுகின்றன. வருபவர் தம் பெற்றோரை மறைக்க வேண்டியதில்லை.

சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் எழுந்த நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியது. முன்பு சிறுவர்களின் குரலைக் கேட்டுத் தேர்ந்த வாத்தியாரின் பெயர், வளர்ந்த மாணவர்கள் நடுக்கத்துடன் நுழையும் வாயிலுக்கு உரியதாயிற்று. அந்த நடுக்கம் அன்றும் இன்றும் ஒன்றே. ஆனால், வீட்டைத் துறக்காமலே கலையின் வாயிலில் ஒரு பிள்ளை நிற்க முடிவது, நாம் பெற்ற சிறிய பேறன்று.