வலம் வர இரண்டு தீவுகள்

ஸ்ரீரங்கத்துக்காரரிடம் போய் "உங்கள் ஊர் தீவு" என்று சொன்னால், பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே என்பதுபோல் பார்ப்பார். ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்ட இரண்டு நிமிடம். கோடையில் கீழே மணல்தான் தெரியும். முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கும்வரை நடுவே விட்டுவைத்த நீளத் திட்டு இது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போய், கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலமும் சரிந்தபோதுதான் அது பலருக்கு உறைத்தது.

இன்னொரு தீவு சிகிஹோர். பிலிப்பைன்ஸின் 7,641 தீவுகளில் ஒன்று. திருச்சியில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, செபுவில் இறங்கி, டூமகெட்டே துறையிலிருந்து கப்பலில் ஒரு மணி நேரம், முன்னே பின்னே. மரங்களில் மொய்த்த மின்மினிகளைக் கண்டு ஸ்பானியர்கள் 'நெருப்புத் தீவு' என்றார்களாம். செபுவை ஆண்ட ஸ்ரீ லுமாய் சோழ வம்சம் என்று நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அது வாய்மொழிக் கதை, உறுதியான சான்று கிடையாது. அதை நம்பி யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம். தனியாகச் சுற்ற நல்ல இடம் என்று கேள்விப்பட்டுப் போனேன், அவ்வளவுதான்.

இரண்டு ஊரும் சுற்றிவருவதற்கென்றே அமைந்தவை. சிகிஹோரின் கரையை ஒட்டி ஒரே ரோடு, 70 கி.மீ.க்குச் சற்று அதிகம். வாடகை ஸ்கூட்டரில் ஒரு நாள் போதும். பழக்க தோஷத்தில் நான் பிரதட்சணமாகவே கிளம்பினேன். தீவு வலக்கையில், கடல் இடக்கையில். அங்கே வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் கடலுக்கும் எனக்கும் நடுவே எதிர்வண்டிகள். எதிர்த்திசையில் சுற்றினால் கடல் கைக்கெட்டும் தூரத்தில் வரும் என்று பாதி வழியில்தான் தோன்றியது. அப்பிரதட்சணமாகத் திரும்ப மனசு வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வலம் என்பது உள்ளே போவது. வெளியே அடையவளஞ்சான் வீதி, அதற்குள் சித்திரைத் தேர் ஓடும் சித்திரை வீதி, அதற்குள் தைத்தேர் ஓடும் உத்தர வீதி. ஏழு பிராகாரங்களில் வெளிப்பிராகாரங்கள் ஊராகவே இருக்கின்றன. பாத்திரக்கடை, காபிக்கடை, மாடி ஏறும் துணிக்கொடி எல்லாம் மதிலுக்குள்தான். ஒவ்வொரு சுற்றும் சின்னதாகிக்கொண்டே போகும். சிகிஹோரில் எவ்வளவு சுற்றினாலும் நடுவிலிருக்கும் மலையை விட்டு விலகியே இருப்போம். இங்கே நடுவில் பெருமாள் படுத்திருக்கிறார், எந்த வீதியில் நடந்தாலும் அந்த நினைப்பு விடாது.

லாசி என்ற ஊருக்கருகே ஒரு பலேட்டே மரம், நம் ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நானூறு வயது என்கிறார்கள். வேருக்கடியில் ஊற்று, எதிரே குளம். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் சின்ன மீன்கள் வந்து கொத்தும். முதலில் கூச்சம், அப்புறம் விட்டுவிட்டு வர மனம் இல்லை. பார்த்ததும் திருவானைக்காவல் நினைவுக்கு வந்தது. அதே தீவு, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே வெண்ணாவல் மரம், இங்கே பலேட்டே. அங்கே லிங்கத்தடியில் சுரக்கும் நீர், இங்கே வேரடி ஊற்று. ஆனைக்காவில் ஒன்பது துளை ஜன்னல் வழியே குனிந்து பார்க்க வேண்டும். உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டி, அகிலாண்டேஸ்வரியாகவே வந்து சுவாமியைப் பூஜிப்பார். லாசியில் மீன் ஒரு வேடிக்கை, கட்டணமும் உண்டு. ஆனைக்காவில் தண்ணீர் இன்னும் சாமிதான். ஆனால் லாசியில் என்னை யாரும் "நகருங்க, நகருங்க" என்று விரட்டவில்லை.

தனியாகப் போகிறவளை ஊர் என்ன செய்கிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். பிலிப்பைன்ஸிலும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்குக் 'கூயா', அக்காவுக்கு 'ஆத்தே'. யாரோ என்னை முதல்முறை 'ஆத்தே' என்றபோது அத்தை என்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். தனியாகவா வந்தாய் என்று அவர்களும் கேட்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வழியில் போகிறவரைப் பார்த்து "வாங்க, சாப்பிடலாம்" என்பார், உபசாரத்துக்குத்தான். பதில் சொல்லிவிட்டுப் போனால் விஷயம் முடிந்தது. சாப்பாட்டுக்கடையில் மூடியைத் திறந்து விரலால் காட்டினால் தட்டில் விழும். சைவம் பாடுதான். சோறும் வாழைப்பழமும் வதக்கிய வள்ளைக்கீரையுமாக நாளை ஓட்டினேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தனியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். "தர்ப்பணமா?" என்று ஒருவர் வருவார். இல்லை என்றால் அகத்திக்கீரைக்காரம்மா வருவார்: "பசுவுக்குக் குடும்மா." அதுவும் இல்லை என்றால், "ஏம்மா, தனியாவா வந்த? வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்கல்ல?" சும்மா உட்கார வந்தேன் என்பது அங்கே ஒரு பதிலே அல்ல. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சிகிஹோரில் மூன்றாம் நாள் இரவு காய்ச்சலோடு படுத்திருந்தபோது, அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

காற்று இரண்டு தீவுக்கும் ஒன்றுதான். அவர்கள் 'ஹபாகட்' என்பது நம் தென்மேற்குப் பருவக்காற்று. அது குடகில் கொட்டினால் மேட்டூர் நிரம்பி, ஆடிப்பெருக்குக்கு இதே படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி விட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அங்கே அதே காற்று வலுத்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். தீவை விட்டு வெளியேற முடியாது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தனியாக மாட்டிக்கொண்டால் செலவைப் பங்குபோட ஆள் கிடையாது. படகு வாடகையும் அப்படித்தான், ஒருத்தி போனாலும் ஆறு பேர் போனாலும் படகுக்குத்தான் காசு. கூட்டுப் படகில் சேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

என்னைக் கேட்டால், முதல்முறை தனியாகக் கிளம்புகிறவர்களுக்குச் சிகிஹோர்தான் சுலபம். 2025 ஜூனிலிருந்து இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 14 நாள் விசா இல்லாமலே அனுமதி. கிளம்பும் முன் விதி மாறவில்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு நாளைத் தனியாகக் கழிப்பதுதான் கஷ்டம். அதற்கு ஏகாதசியும் சனி ஞாயிறும் வேண்டாம். சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து, அடையவளஞ்சான் வீதியிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள்.