ஆனையும் யானையும்

'யானை' செந்தமிழ், 'ஆனை' கொச்சை என்று கருதுவோர் பலர். சொல் வரலாறு அவ்வாறு கூறவில்லை. மொழி முதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்பது தொல்காப்பிய விதி. அந்த 'யா'வும் காலப்போக்கில் தளர்ந்தது. சங்க நூல்களில் வழங்கிய யாடு, யாமை, யாறு, யாண்டு ஆகியன ஆடு, ஆமை, ஆறு, ஆண்டு என்றாயின. இவற்றை இன்று பிழையென்பார் இலர். யானையை ஆனையாக்கியதும் இம்மாற்றமே. எழுத்து வழக்கில் பழைய வடிவமே நிலைத்தமையால் புதியது தாழ்வாக எண்ணப்பட்டது. ஆயினும் 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே 'ஆனைக்கா' இடம்பெற்றுள்ளது. மேற்குத் தொடர்ச்சியில் ஆனைமலையும் ஈழத்தில் ஆனையிறவும் அவ்வடிவையே தாங்கி நிற்கின்றன. மலையாளமும் 'ஆன' என்றே வழங்கும். 'ஆனை' என்றெழுதிய சிறுவனின் ஏட்டில் சிவப்புக் கோடிடுமுன், ஆசிரியர் தாம் எழுதும் ஆட்டையும் ஆமையையும் எண்ணிப் பார்த்தல் நலம்.