தேடலும் குறைபாடும்: இளையோரின் வாழ்வுப்பொருள் பற்றி ஒரு மறுவாசிப்பு

வாழ்வின் பொருளைத் தேடும் இளைஞரிடம் அப்பொருள் இன்னும் அமையவில்லை. அமையாததால் நெருக்கடியைத் தாங்கும் வலுவும் அவரிடம் குறைவு. இளையோரின் மன அழுத்தம் குறித்த ஆய்வுகளில் ஒரு மரபு இப்படித்தான் வாசித்து வருகிறது. சங்கரன்கோவில் போன்றதோர் ஊரின் இளையோருக்கு இவ்வாசிப்பு பொருந்தாது என்பது என் கருத்து.

இம்மரபு பெரிதும் சார்ந்திருப்பது, 2006இல் உளவியலாளர் மைக்கேல் ஸ்டீகரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட வாழ்வுப்பொருள் வினாநிரலை. அதில் 10 கூற்றுகள்: 5 பொருளின் இருப்பை அளப்பவை, 5 தேடலை அளப்பவை. உருவாக்கியவர்களே இரண்டையும் தனித்தனிப் பரிமாணங்களாகத்தான் வைத்தார்கள். பின்வந்தோரே தேடல் மதிப்பெண்ணை இருப்பின் பற்றாக்குறையாகக் கணக்கெழுதினர். அமெரிக்க மாணவரிடம் ஒன்று உயர மற்றது குறைந்தது மெய். ஆனால் ஸ்டீகரும் பங்கேற்று 2008இல் வெளியான ஒப்பாய்வில், ஜப்பானிய மாணவரிடம் இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன. அம்முடிவை விதிவிலக்கென ஒதுக்கியதில்தான் பிழை தொடங்குகிறது.

தேடல் கூற்றுகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். ஐந்திலும் தேடுபவர் தனியர்; தேடப்படுவது அவருடைய சொந்த வாழ்வின் பொருள். யாருக்காகத் தேடுகிறார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. விசைத்தறிக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். பட்டம் முடித்து, டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு மறுபடியும் உட்காரும் மகள் அந்த ஐந்துக்கும் உயர்ந்த எண்ணையே குறிக்கக்கூடும். எதற்காகப் படிக்கிறோம் என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது: அப்பாவின் கடன், தம்பியின் படிப்பு. திறக்காதது வழி மட்டுமே. அவளுடைய அழுத்தம் உண்மையானது. ஆனால் அதன் வேர் பொருளின்மையில் இல்லை.

சங்கரன்கோவில் தேடலை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு, அவ்வூர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவைவிடத் தெளிவான சான்று இல்லை. அதன் கதையில், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று நாகர்களான சங்கனும் பதுமனும் வாதிட, இருவரும் ஒன்றான கோலத்தைக் காட்டும்படி கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். ஐயம் நாகர்களுடையது, தவம் அவளுடையது. பற்றில் குறையற்றவளே தேடுகிறாள், அதுவும் பிறர் பொருட்டு. கொடியேறியதும் அடியார்கள் கோயிலை 108 முறை வலம்வரும் ‘ஆடிச்சுற்று’, தவம் நிற்கும் அம்மனின் கால்வலியில் பங்கெடுப்பது என்று சொல்லப்படுகிறது. அழுத்தத்தை எதிர்கொள்ளும் முறைகளைப் பட்டியலிடும் வினாநிரல்களில் இது ‘சமயம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். வலியைப் பகிர்ந்து சுமப்பது அந்தக் கட்டத்தில் தெரியாது.

புராணம் உளவியல் சான்றாகாது என்பார்கள். தனிமனிதரின் மனநிலைக்குச் சான்றாகாதுதான்; ஒரு சமூகம் தேடலுக்குத் தரும் மதிப்புக்கு அது சான்றே. இவ்வூர் இளையோர் எல்லோரும் இக்கதை வழியே வாழ்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வேலை கிடைக்காத துயரை வழிபாடு தீர்க்கும் என்றும் சொல்லவில்லை. எய்ட்ஸ் நோயாளிகளைப் பராமரித்த துணைவர்களை ஆராய்ந்து சூசன் ஃபோக்மன் 1997இல் எழுதியதும், பிறர் பொருட்டுச் சுமப்பதில் பொருள் இருக்கிறது என்ற என் கருத்துக்கு அண்மையில் நிற்கிறது: கடும் துயரின் நடுவே அவர்களைத் தாங்கிய பொருள், பராமரிப்பிலேயே இருந்தது.

தேடல் மதிப்பெண் உயர்ந்திருப்பதை மட்டும் வைத்து ஓர் இளைஞரை ஆபத்துப் பட்டியலில் சேர்ப்பது தவறு. கல்லூரி ஆலோசனை மையங்கள் இருப்பு, தேடல் இரண்டையும் சேர்த்தே வாசிக்கட்டும். யாருக்காகத் தேடுகிறீர்கள் என்ற கேள்வியையும் வினாத்தாளில் சேர்க்கட்டும்.