முத்திரையில் உள்ள ஊர்

புணே விமான நிலையத்தை அடுத்த லோஹேகாவில், என் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த தம்பி ஒருவர் வசிக்கிறார். பொறியாளர். சென்ற மாதம் ஒரு நேர்காணலுக்குச் சென்று திரும்பியவர், தம் சான்றிதழ்க் கோப்பை என் முன் விரித்து வைத்தார். 2009இல் சேர்ந்து 2013இல் முடித்த படிப்பு. முதலாண்டு மதிப்பெண் பட்டியலில் ‘அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்’ என்றிருந்தது. இடையில் வந்தவற்றில் ‘அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்’. பட்டத்தில் ‘அண்ணா பல்கலைக்கழகம், சென்னை’.

“இவற்றுள் உண்மையான அண்ணா பல்கலைக்கழகம் எது? ஏன் இத்தனை முறை மாறினீர்கள்?” என்று கேட்டார்களாம்.

“நான் கல்லூரி வாசலைக்கூட மாற்றவில்லை, அண்ணா” என்றார் தம்பி.

கேட்டவர் தீய நோக்கத்தோடு கேட்டிருக்கமாட்டார். ஆயினும் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 170 ஆண்டுக்கால வரலாறு இருக்கிறது. அதைச் சுருக்கமாகவேனும் எழுதிவைக்கத் தோன்றியது.

1844ஆம் ஆண்டு தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு, ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று அறிவித்தார். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவை, தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தன, பட்டம் அளித்தன. கற்பித்தல் முழுவதும் ஊர்தோறும் இருந்த கல்லூரிகளில் நடந்தது. அதாவது, கல்வி ஓரூரில். அதன் பெயர் வேறோர் ஊரில். அந்த வேறோர் ஊர் எதுவெனில், வேலை கொடுப்பவர் வீற்றிருந்த ஊர். பட்டத்தின் பெருமையும் அதிகாரத்தின் இருப்பிடமும் அன்றே ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

இதற்குப் புணேயைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. இங்குள்ள பொறியியல் கல்லூரி 1854இல் தொடங்கியது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தைவிட மூன்று ஆண்டு மூத்தது. பெர்குசன் கல்லூரி 1885இல் எழுந்தது. திலகர் படித்தது புணேயின் டெக்கான் கல்லூரியில், அவருடைய பி.ஏ. பட்டமோ பம்பாய்ப் பல்கலைக்கழகத்தினுடையது. கல்விநகரம் என்று பெயரெடுத்த பின்னரும் 1949 வரை இவ்வூர்ப் பெயரில் ஒரு பட்டம் கிடையாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எம்.ஆர். ஜெயகரை முதல் துணைவேந்தராகக் கொண்டு பூனா பல்கலைக்கழகம் அமைந்தபோதுதான் அந்நிலை மாறியது. நேற்றுவரை ‘பம்பாய்’ என்று முத்திரை பெற்ற மாணவனின் தம்பி, அதே வகுப்பில், அதே ஆசிரியரிடம் படித்து, ‘பூனா’ என்ற முத்திரை பெற்றான்.

கதை இத்துடன் முடியவில்லை. பூனா பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் தொடக்கத்தில் மேற்கு மகாராட்டிரத்தின் 12 மாவட்டங்கள் இருந்தன. 1962இல் கோலாப்பூரில் சிவாஜி பல்கலைக்கழகம் தோன்றியதும் தென்பகுதி மாவட்டங்கள் பிரிந்தன. 1880இல் நிறுவப்பட்ட கோலாப்பூர் இராஜாராம் கல்லூரி இவ்வாறு பம்பாய், பூனா, சிவாஜி என்று மூன்று முத்திரைகளைக் கண்டுவிட்டது. பம்பாயின் நிழலில் நின்ற புணே, பின்னர்த் தானே கோலாப்பூருக்கு நிழலானது. அந்தப் புணேப் பல்கலைக்கழகம் 2014இல் சாவித்திரிபாய் புலே பெயரைப் பெற்றது; பொறியியல் கல்லூரி 2022இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1854இல் தொடங்கிய ஒரே நிறுவனம், மூன்று பல்கலைக்கழகங்களின் பட்டம்.

தமிழ்நாட்டிலும் இதே தடம்தான். 1881இல் தோன்றிய மதுரை அமெரிக்கன் கல்லூரி, 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் அமையும்வரை சென்னையின் பட்டத்தையே பெற்றுத் தந்தது. கோயம்புத்தூரின் பழைய பொறியியல் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1982க்குப் பின் பாரதியார், 2001க்குப் பின் அண்ணா. நிர்வாகத்தை அருகில் கொணரும் பொருட்டு 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் கோயம்புத்தூர், திருச்சி, திருநெல்வேலி எனப் பிரிக்கப்பட்டது. 2010இல் மதுரையும் சேர்ந்தது, பெயர்களும் மாறின. 2012இல் யாவும் மீண்டும் ஒன்றாயின. நம் தம்பியின் கோப்பில் இருப்பவை இந்த ஐந்தாண்டின் அடிச்சுவடுகள். பட்டத்தில் ‘சென்னை’ இராதோ என்று அந்நாளில் பெற்றோர் கொண்ட கவலையைக் கோவையில் வாழ்ந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அது பாடத்தைப் பற்றிய கவலையன்று. வேலை தருபவரின் கண்ணைப் பற்றிய கவலை.

பல்கலைக்கழகம் மாறினால் பாடத்திட்டமும் வினாத்தாளும் மாறும் என்பது உண்மை. ஆனால் ஆசிரியரும் ஆய்வகமும் மாணவனும் அரசாணை வெளியான மறுநாளே மாறிவிடுவதில்லை.

வேலை தருபவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். விண்ணப்பித்தவரின் திறனை முன்கூட்டி அறிய வழியில்லாதபோது பட்டம் ஓர் அடையாளக் குறியாகப் பயன்படுகிறது என்று 1973இல் பொருளியலறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் விளக்கினார். ஆயிரம் விண்ணப்பங்களை ஒரு வாரத்தில் பார்க்கவேண்டியவர் குறியைத்தான் நாடுவார். சிக்கல் எங்கே என்றால், அக்குறி மாணவனின் திறனைக் காட்டுவதைவிடப் பல்கலைக்கழகம் நிலப்படத்தில் எங்கே இருக்கிறது என்பதையே பலவேளை காட்டுகிறது. பெருநகரப் பெயரைத் தேடி நிறுவனங்கள் செல்கின்றன. நிறுவனங்கள் செல்வதால் நல்ல மாணவர்கள் அங்கே சேர்கின்றனர். நல்ல மாணவர்கள் சேர்வதால் பெயர் மேலும் ஓங்குகிறது. சிறு ஊரின் கல்லூரி இச்சுழலுக்கு வெளியே நிற்கிறது.

2016இல் முதற்பட்டியலை வெளியிட்ட தேசிய நிறுவனத் தரவரிசையிலும் இது நுழைந்துள்ளது. அதன் மதிப்பெண்ணில் 10 விழுக்காடு, கல்வியாளரும் வேலை தருவோரும் கொண்டுள்ள எண்ணத்துக்கு உரியது. வேற்று மாநில மாணவர் எத்தனை பேர் என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. தன் மாவட்டத்து முதல் தலைமுறை மாணவருக்காகவே உழைக்கும் கல்லூரி, அந்த உழைப்பினாலேயே அங்கே மதிப்பெண் இழக்கிறது. பழைய எண்ணம் எண்ணாக மாறுகிறது. அந்த எண்ணைக் கண்டு புதிய எண்ணம் பிறக்கிறது.

நானும் தம்பியும் அமர்ந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதினோம்: 2007, 2010, 2012 என்ற மூன்று ஆண்டுகள், அவ்வாண்டுகளில் நேர்ந்த பெயர் மாற்றங்கள், மாறாத ஒரே கல்லூரியின் முகவரி. இனி அதுவே அவர் கோப்பின் முதல் தாள். பட்டம் பெற்றவன் தன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் சுமந்துசென்று விளக்கவேண்டியிருப்பது எனக்கு வருத்தமே.

இதைப் படிக்கும் நண்பர்களுள் ஆளெடுக்கும் பொறுப்பில் இருப்போர் பலர் உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முத்திரையில் உள்ள ஊரைப் படித்தபின், அந்த மாணவன் படித்த ஊரையும் கேளுங்கள். அங்கே என்ன செய்து பார்த்தான், யாரிடம் கற்றான் என்று கேளுங்கள். முதலாவது அரசாணையால் மாறக்கூடியது. மற்றவை அவனுடையவை.