படம் இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை
வெக்டர் கோப்புகளும் அவற்றைப் பார்க்கும் மென்பொருள்களும்: ஒரு சிறு வரலாறு



சென்ற மழைக்காலத்தில் பி பிளாக் தரைத்தளச் சுவரில் நீர் ஊறியது பலருக்கும் நினைவிருக்கும். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருந்தால் ஓரிடத்தில் மட்டும் உடைத்திருக்கலாம். வரைபடமும் நம்மிடம் இருந்தது. கட்டிடத்தை ஒப்படைத்தபோது கொடுத்த சிடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள். ஆனால் சங்க அலுவலகக் கணினியில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பிளம்பர் மூன்று இடங்களில் உடைத்தார். மூன்றாவது இடத்தில்தான் குழாய் கிடைத்தது. மற்ற இரண்டையும் பூசி, பெயின்ட் அடித்த செலவு நம் பராமரிப்புக் கணக்கில் ஏறியது.

அந்தக் கோப்புகள் ஏன் திறக்கவில்லை என்று தேடிப் போனதில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

கோலமும் குறிப்பும்

செல்போனில் எடுக்கும் புகைப்படம் லட்சக்கணக்கான வண்ணப் புள்ளிகளின் தொகுப்பு. ஓரளவுக்கு மேல் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். வெக்டர் படம் வேறு வகை. கோல நோட்டில் "15 புள்ளி, ஊடு புள்ளி 8 வரை" என்று எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா, அது போன்றது. அந்தக் குறிப்பை வைத்து வீட்டு வாசலிலும் போடலாம், கல்யாண மண்டபத்திலும் போடலாம். வெக்டர் கோப்பிலும் குறிப்புகள்தான் இருக்கின்றன: இங்கிருந்து அங்கே ஒரு கோடு, இந்த மையத்தில் இவ்வளவு ஆரத்தில் ஒரு வட்டம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. ஆனால் குறிப்பைப் படித்துக் கோலம் போட ஓர் ஆள் வேண்டும். கணினியில் அந்த ஆள்தான் மென்பொருள்.

ஆளுக்கொரு மொழி

1963-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு வரைய முடிந்தது. இன்றைய கட்டிட வரைபட மென்பொருள்களுக்கெல்லாம் முன்னோடி அது.

1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்தது. அதே ஆண்டு ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984-லும், இல்லஸ்ட்ரேட்டர் 1987-லும் வெளிவந்தன. 1989-ல் கோரல்டிரா வந்தது; கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் என நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் அதில்தான் வேலை நடக்கிறது.

ஒவ்வொரு மென்பொருளும் குறிப்பைத் தன் சொந்த மொழியில் எழுதியது. ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்பைக் கோரல்டிரா கோப்பு போலப் படிக்க முடியாது. ஆகவே படம் வரையாதவர்கூட, பார்ப்பதற்காக மட்டும், வரைந்த மென்பொருளையே வாங்கவேண்டி வந்தது. நம் சிடியில் இருந்தவையும் டிடபிள்யூஜி கோப்புகளே.

திறந்த பொது வழி

இந்தச் சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் வந்தன. முதலாவது, 1993-ல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப். அதைப் படிக்கும் ரீடர் மென்பொருள் முதலில் விலைக்கு விற்கப்பட்டது, பின்னர் இலவசமானது. 2008-ல் பிடிஎஃப் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. வெக்டர் கோடுகள் அதற்குள் கூர்மை குறையாமல் இருக்கும்.

இரண்டாவது எஸ்விஜி. 1998-ல் வெப் படங்களுக்காக அடோபி தரப்பும் மைக்ரோசாஃப்ட் தரப்பும் தனித்தனி முன்மொழிவுகளை வைத்தன. டபிள்யூ3சி அமைப்பு இரண்டையும் அப்படியே ஏற்காமல் பொதுவான ஒன்றை உருவாக்கி, 2001 செப்டம்பரில் வெளியிட்டது. எஸ்விஜி கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம்.

ஆனால் தரம் வந்ததும் வசதி வந்துவிடவில்லை. தொடக்கத்தில் பிரவுசரில் எஸ்விஜி பார்க்கத் தனி இணைப்பு மென்பொருள் தேவைப்பட்டது. அடோபி அளித்த இணைப்புக்கான ஆதரவு 2009-ல் நின்றுபோனது. ஃபயர்ஃபாக்ஸ் 2005-லும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2011-லும்தான் அதை நேரடியாகக் காட்டத் தொடங்கின. பத்தாண்டுக் காத்திருப்பு! இன்று நம் எல்லோருடைய பிரவுசரும் அதைத் திறக்கும். தேடிக்கொண்டிருந்த லேசான மென்பொருள் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

அலுவலகத்தில் இப்போது

சி பிளாக்கில் வசிக்கும் பொறியாளர் ஒருவர் சிடியிலிருந்த வரைபடங்களை பிடிஎஃப் ஆக மாற்றித் தந்தார். பழைய கணினியில் அவற்றைத் திறக்க சுமத்ரா பிடிஎஃப் போதுமானதாக இருக்கிறது. இலவசம், இடமும் அதிகம் பிடிக்காது. ஒரு ஃபோல்டரில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட இர்ஃபான்வியூ உதவுகிறது. 1996-ல் இர்ஃபான் ஷ்கில்யான் என்ற தனி மனிதர் உருவாக்கிய அது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். எஸ்விஜி பார்க்க அதனுடன் பிளக்-இன் தொகுப்பையும் நிறுவ வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: எஸ்விஜி கோப்புக்குள் நிரல்களையும் வைக்க முடியும். தெரியாத முகவரியிலிருந்து மின்னஞ்சலில் வரும் எஸ்விஜி இணைப்பைத் திறக்காதீர்கள்.

குடியிருப்பாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்:

1. வீட்டில் உள்வேலை செய்தால், ஒப்பந்ததாரரிடம் வரைபடத்தின் மூலக் கோப்போடு பிடிஎஃப் பிரதியும் கேட்டு வாங்குங்கள்.
2. வாங்கிய அன்றே உங்கள் கணினியில் திறந்து பாருங்கள்.
3. குழாய், மின்கம்பி மாற்றியிருந்தால் ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் சுவருக்குப் பின்னால் ஓடுவது கீழ் வீட்டுக்காரருக்கும் சம்பந்தப்பட்டது.

அடுத்த மழைக்கு முன் சுவரை உடைக்க நேர்ந்தால், ஒரே இடத்தில் உடைப்போம்.

– ஆவணப் பராமரிப்புக் குழுவுக்காக, பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்